பூம்பாறையில் எது காடு?

கலைச்சொல் பற்றிப் பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ஒரே விதியைத்தான் சொல்வார்கள். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல். அதை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் பாடநூல், அரசாணை, நாளிதழ், அறிவிப்புப் பலகை என எல்லாவற்றிலும் அதுவே வர வேண்டும். இடத்துக்கு இடம் மாற்றிப் பெயர்ப்பவருக்கு ஒன்று அக்கறை இல்லை, இல்லையென்றால் மொழி போதவில்லை. இந்தக் கருத்து பயிலரங்குகளிலும் செய்தி அறைகளிலும் வேரூன்றிக் கிடக்கிறது. அதை எதிர்த்துப் பேசுகிறவரைக் குழப்பவாதி என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஹைட்ரஜனுக்கும் வெப்பமானிக்கும் இந்த விதி பொருந்தும். அவை ஒரு பொருளை மட்டும் குறிக்கவென்றே பிறந்த சொற்கள். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் வாயில் புழங்கிப் பல பொருள் சேர்த்துக்கொண்ட சொற்களுக்கு, அதிலும் நிலத்தையும் நிலத்தின் மேலுள்ள உரிமையையும் பேசும் சொற்களுக்கு, இதே விதியைப் பூட்டுவது தவறு. "ஃபாரஸ்ட்" என்ற ஒரு சொல்லையும் பூம்பாறை என்ற ஓர் ஊரையும் எடுத்துக்கொண்டால் அந்தத் தவறின் அளவு தெரியும்.

பூம்பாறை கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது. உயரம் சுமார் 1,900 மீட்டர். சாலை வளைவில் நின்று கீழே பார்த்தால் நெருக்கியடித்த வீடுகளும் நடுவில் குழந்தை வேலப்பர் கோயிலும், சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்களும் தெரியும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாக மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற ஊர்களில் பூம்பாறை பெயர் பெற்றது. அறுவடை முடிந்ததும் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைப்பார்கள். விதைக்கு எடுத்தது போக மீதி சந்தைக்குப் போகும்.

காலையில் களைக்கொத்தியும் தூக்குவாளியுமாகக் கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால், "காட்டுக்கு" என்பதுதான் பதில். அவர் போவது பூண்டுப் பாத்திக்கு. திண்டுக்கல், மதுரை, கொங்கு வட்டாரங்களில் காடு என்றால் மானாவாரியாகவோ கிணற்றுப் பாசனத்திலோ உழுது விதைக்கும் மேட்டு நிலம். காடு கரை, காடு கழனி என்று சொத்துக் கணக்குச் சொல்வதும் இந்தப் பொருளில்தான். அதே ஊர்க்காரரிடம் சரிவுக்கு மேலே நிற்கும் பைன் மரங்களைக் காட்டி அது என்ன என்று கேட்டால் "அது பாரஸ்ட்டு" என்பார். பாரஸ்ட்டு என்றால் அரசாங்க இடம், உள்ளே போனால் கேள்வி வரும் என்று பொருள். மடிப்புப் பள்ளத்தில் ஓடையை ஒட்டி இருண்டு கிடக்கும் பழைய மரக்கூட்டத்தைச் சோலை என்பார். மாடு மேய்ந்த வெட்டவெளி மேட்டைப் புல்லு என்பார்.

ஓர் ஆங்கிலச் சொல் நான்காகப் பிரிந்துவிட்டது. நான்கும் நான்கு வகை நிலம், நான்கு வகை உரிமை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத விவசாயி இதை ஒரு நாளும் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் தொடங்குவது, மேலிருந்து வரும் தாளில் எல்லாவற்றுக்கும் "காடு" அல்லது "வனம்" என்று ஒரே முத்திரை விழும்போது.

ஒரு சொல் விதியைக் காப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஆங்கிலத்தின் கதையை. அந்த மொழியிலேயே இந்தச் சொல் ஒரு பொருளில் நின்றதில்லை. இடைக்கால இங்கிலாந்தில் அது அரசன் வேட்டையாட ஒதுக்கிய நிலத்தைக் குறித்த சட்டச் சொல். வேலிக்கு வெளியே, பொதுச் சட்டத்துக்கு வெளியே உள்ள இடம் என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது என்பார்கள். முதலாம் வில்லியம் 1079இல் ஏற்படுத்திய நியூ ஃபாரஸ்ட்டில் இன்றைக்கும் மரமில்லாத புதர்வெளி பரந்து கிடக்கிறது. ஸ்காட்லாந்தில் மான் வேட்டைக்கான ஃபாரஸ்ட்டுகளில் பல மொட்டை மலைகள். மரம் அடர்ந்த இடம் என்ற பொருள் பின்னால்தான் ஓங்கியது. பிறகு வெட்டி விற்பதற்காக நடும் மரத்தோட்டத்துக்கும் அதே பெயர் வந்தது. இந்தச் சரக்கு முழுவதையும் ஏற்றிக்கொண்டு அந்தச் சொல் இந்தியாவுக்குக் கப்பலேறியது.

இங்கே அது சட்டத்துக்குள் நுழைந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்கி வைக்கும் நிலத்தை அப்படி அழைத்தது. தமிழில் அதைக் காப்புக்காடு என்றார்கள். அருமையான பெயர்ப்பு அது. மரம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அது பேசவில்லை, சட்டம் காக்கிறது என்கிறது. தொல்லை வந்தது "காப்பு" உதிர்ந்து வெறும் "காடு" மிச்சமானபோது.

அடுத்து உச்சநீதிமன்றம். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 12 டிசம்பர் 1996 அன்று வந்த உத்தரவு இந்தியாவின் மரங்கள் நிற்கும் நிலங்களின் தலைவிதியை மாற்றியது. வனப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அந்தச் சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். யார் சொத்து, பதிவேட்டில் என்ன பெயர் என்பதெல்லாம் பொருட்டில்லை. நல்ல நோக்கத்தில் பிறந்த உத்தரவு. எத்தனையோ நிலத்தைச் சுரங்கத்திலிருந்தும் மரம் வெட்டுவோரிடமிருந்தும் காப்பாற்றியது. 2023இல் நாடாளுமன்றம் அந்த விரிவைக் குறுக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது; 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் இடைக்காலமாக 1996இன் பொருளையே பின்பற்றச் சொன்னது. ஒரு சொல்லின் அகராதிப் பொருள் 1996இலிருந்து வழக்கு மன்றத்தில் நிற்கிறது. இப்போது பூம்பாறைக்காரர் தமிழ் அகராதியில் "காடு" என்ற சொல்லைத் தேடினால், அதில் அவருடைய பூண்டுப் பாத்தியும் அடங்கும், ஊருக்கு வெளியே உள்ள சுடுகாடும் அடங்கும். ஆங்கில அகராதி சொல்கிற பொருள் வேறு, தமிழ் அகராதி சொல்கிற பொருள் வேறு. இரண்டும் ஒன்று என்று பாவித்துக்கொண்டு அரசாணையைப் பெயர்ப்பது எப்படிச் சரியாகும்?

சட்டத்துக்கு ஒரே சொல் வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு நிற்காது என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். சட்டமே அதற்கு ஒத்துவரவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வன நிலம் என்பதை எந்த விதமான நிலமாகவும் இருக்கலாம் என்று வரையறுக்கிறது. வன எல்லைக்குள் விழுந்தால் போதும், மரம் கட்டாயமில்லை. இந்திய வன அளவைத் துறையோ நேர்மாறான அளவுகோலை வைத்திருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் தலைவிரிப்பு 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நட்டது, யார் சொத்து என்று அது கேட்பதில்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு இன்னொரு விதம்: அரை ஹெக்டேர், ஐந்து மீட்டர் உயரம், 10 சதவீதத் தலைவிரிப்பு, விவசாயப் பயன்பாடு கூடாது.

இந்த அளவுகோல்களைப் பழனிமலைமேல் வைத்துப் பார்க்கலாம். கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. பண்ணையும் காடும் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்கள் அடர்ந்திருந்தால் செயற்கைக்கோள் கணக்கில் அவை வனப்பரப்பு. பட்டாவில் தனியார் நிலம். மேலே மன்னவனூர்ப் பக்கம் வனத்துறை வசமுள்ள புல்மேடுகள் சட்டத்தில் வனம். செயற்கைக்கோளுக்கு மரம் தெரியாததால் அவை வனப்பரப்பில் சேராது. இரண்டுக்கும் நடுவே பூம்பாறையின் படிவயல் எந்தச் சட்டத்திலும் வனம் இல்லை. ஊரார் வாயில் அதுதான் காடு. ஒரே மலையில் ஒரே பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் கடக்கிற தூரம் இது. இந்த மூன்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டு எழுதிய செய்தியைப் படிக்கும் வாசகருக்கு உண்மை எதுவும் போய்ச் சேராது.

இந்த இடத்தில் வேறொரு மொழியையும் பார்ப்பது நல்லது. ஒரு சொல்லைப் பலவாகப் பெயர்ப்பது ஏழை மொழியின் அடையாளம் என்று நினைப்பவர்கள் ஸ்பானியத்தைக் கவனிக்க வேண்டும். நாற்பது கோடிக்கு மேற்பட்டோர் பேசும், இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் மொழி அது. ஆங்கிலத்தின் இதே சொல்லை ஸ்பானியத்துக்குக் கொண்டுபோகிறவர் இடம் பார்த்துச் சொல் எடுக்கிறார். குளிர்நாட்டு மரக்கூட்டமும் ஐ.நா. அறிக்கையில் வரும் கணக்கும் "போஸ்கே". அமேசான் போன்ற வெப்பமண்டல அடர்த்தி "செல்வா". ஊருக்கு மேலே உள்ள மலையும் புதரும் மேய்ச்சலும் கலந்த நிலம் "மோந்தே". தீப்பிடித்தால் இவை எதுவுமில்லாமல் "ஃபொரெஸ்தால்" என்ற பெயரடை வருகிறது. ஸ்பெயின் நாட்டு வனச் சட்டத்தின் பெயரே மோந்தேகளின் சட்டம்; 2003இல் இயற்றிய 43ஆம் எண் சட்டம். மரம், புதர், புல் எது வளர்ந்தாலும், தானாக முளைத்தாலும் நட்டு வளர்த்தாலும் அந்த நிலம் மோந்தே என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். மோந்தே என்றால் மலை என்றும் பொருள் உண்டு. அதற்காக மாட்ரிட்டில் யாரும் சட்டம் குழம்பிவிட்டது என்று அலறவில்லை. நிலத்தைப் பார்த்துச் சொல் வைத்தார்கள். சட்டம் புல்லையும் சேர்த்துக் காக்கிறது.

தமிழில் சொல் போதாது என்ற வாதத்துக்கு இனி வரலாம். அந்த வாதத்தைப் பழனிமலை ஒரே சொல்லில் தகர்க்கிறது: சோலை. உயர்மலைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் குட்டையாக, பாசி படர்ந்து, ஓடையைப் பொத்தி வளரும் அந்த மரக்கூட்டத்துக்கு ஆங்கிலத் தாவரவியலாளர்களிடம் கையடக்கமான பெயர் இல்லை. சாம்பியனும் சேத்தும் 1968இல் வெளியிட்ட வகைப்பாட்டில் அதற்கு வைத்த ஆங்கிலப் பெயர் நாலைந்து சொல் நீளம். அதனால் அறிஞர்கள் தமிழ்ச் சொல்லையே எடுத்து "ஷோலா" என்று எழுதத் தொடங்கினார்கள். இன்று உலக ஆய்விதழ்களில் அந்தச் சொல் புழங்குகிறது. கொடைக்கானலிலேயே பாம்பார் சோலை, புலிச்சோலை, பெரிஜம் ஏரிக்குப் போகும் வழியில் மதிகெட்டான் சோலை என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆங்கிலம் தன் பொதுச்சொல் போதாது என்று தமிழிடம் கடன் வாங்கியது. அதே நிலத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது சோலையை விட்டுவிட்டு அந்தப் பொதுச்சொல்லின் பெயர்ப்பைப் போடுகிறார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு மனக்குறையைத் தரும் என்பதை எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை.

திணை வகுத்த மொழிக்கு இந்தப் பாகுபாடு புதிதும் அல்ல. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். மலை வேறு, காடு வேறு என்று வகுத்ததை மட்டும் கவனித்தால் போதாது. முல்லையின் கருப்பொருளையும் பார்க்க வேண்டும். ஆயர், ஆநிரை, வரகு, சாமை. மேய்ச்சலும் புன்செய்யும் கலந்த நிலம் அது. ஆக, பழந்தமிழின் காடு வெயில் புகாத மரக்கூட்டம் மட்டுமே அல்ல. பூம்பாறைக்காரர் பூண்டுப் பாத்தியைக் காடு என்பது கொச்சையும் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தின் நேர்வாரிசு.

"ஜங்கிள்" என்ற சொல்லுக்கும் இதே போன்ற கதை உண்டு. வடமொழியின் "ஜாங்கலம்" வறண்ட, மரம் குறைந்த வெட்டவெளி. மருத்துவ நூல்கள் அதை நோய் குறைந்த நல்ல நிலம் என்கின்றன. ஆங்கிலேயர் வாயில் விழுந்து அது பிணைந்து இருண்ட மரக்கூட்டமாக மாறி, அந்தப் புதுப் பொருளோடு இந்திய மொழிகளுக்கே திரும்பி வந்தது. ஒரு சொல் நாடு கடந்து போய்வரும்போது அதன் கீழுள்ள நிலமே தலைகீழாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சொல் போனால் என்ன போகும் என்று கேட்பவர்களுக்குப் பழனிமலையின் புல்வெளிதான் பதில். 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பழைய செயற்கைக்கோள் படங்களையும் களப்பார்வையையும் வைத்துப் பழனிமலையின் நாற்பதாண்டு மாற்றத்தை அளந்தது. மலையின் இயற்கைப் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது. சோலையில் 31 சதவீதம் போய்விட்டது. ஒரு காலத்தில் மலையின் பெரும்பரப்பாக, ஒரே தொடர்ச்சியாக இருந்த புல்வெளி இன்று துண்டு துண்டாகச் சிதறிய அரிய நிலம். அதன் மேல் ஏறி உட்கார்ந்திருப்பவை பெரும்பாலும் வாட்டில், பைன், யூகலிப்டஸ். தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் நட்ட அயல் மரங்கள். நட்ட இடத்தோடு நிற்காமல் வாட்டில் தானாகவும் புல்லுக்குள் பரவியது.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்திதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். மரத்தோட்டங்களால் இழந்தது முதன்மையாகக் காடுதான் என்பது பொதுவான பேச்சு. நீதிமன்ற உத்தரவுகளும் சோலை மரங்களை மீட்கச் சொல்கின்றன. உண்மையில் அதிகம் போனது புல். அந்த ஆய்வு ஆங்கிலத்தில் எழுதியது. ஆனால் அது குறை சொன்ன பொதுப்பேச்சைத் தமிழில் கேட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கும். "காடு அழிந்தது, காடு வளர்ப்போம்" என்ற வாக்கியத்தில் புல்லுக்கு இடமே இல்லை. காடு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மாணவர் மனத்தில் எழுவது மரம். எனவே மலையை மீட்பதென்றால் மரம் நடுவது. புல்மேட்டில் குழி தோண்டி நாற்று வைக்கும் படம் நாளிதழில் வருகிறது. நட்டவர்களின் மனம் நல்ல மனம். அதனாலேயே இது இன்னும் வருத்தத்துக்குரியது.

புல்லை இழந்தால் என்ன என்பதும் வெறும் அழகுப் பேச்சு இல்லை. நீலகிரியின் கிளென்மார்கனில் மத்திய மண் நீர்ப் பாதுகாப்பு நிலையம் அருகருகே இருந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டுவிட்டு, மற்றதன் பெரும்பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்தாண்டுகளில் மரம் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து வந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. பழனிமலையில் பிறக்கும் ஓடைகள் தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் போகின்றன. மஞ்சளாறும் வராக நதியும் சண்முக நதியும் இந்த மலையை நம்பியவை. தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு புல்லில் மேய்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி புல்சரிவில் பூக்கிறது. குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடியே காட்டுச் செடி இல்லை, புல்வெளிச் செடி.

எதிர்த்தரப்பு இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். வாட்டிலை நட்டது தமிழ்ச் சொல்லா? ஆங்கிலத்தில் திட்டம் போட்ட அதிகாரிகள் நட்டதற்கு மொழிபெயர்ப்பாளர் மேல் பழி போடலாமா? போடக் கூடாது, போடவும் இல்லை. மலையைப் பாழ் என்று முடிவு கட்டியது வருவாய்க் கணக்கு. வரி வராத நிலமெல்லாம் வீண் நிலம் என்ற காலனிக் காலக் கண்ணோட்டம் அது. இன்றைக்கும் மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் மேய்ச்சல் நிலங்கள் பல அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகின்றன. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை மலைப்பகுதிகளில் மூன்றில் இரண்டு பங்கு மரப்போர்வை வேண்டும் என்றது. புல்மலைக்கு அதில் விலக்குச் சொல்லவில்லை. இந்தத் தவறுகள் ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழ்ப் பெயர்ப்பு செய்திருக்க வேண்டியது, அந்தத் தவறை வெளிச்சம் போட்டுக் காட்டுவது. சோலை, புல்வெளி, மேய்க்கால் புறம்போக்கு, மரத்தோட்டம் என்று கையில் இருந்த சொற்களைப் போட்டுப் பெயர்த்திருந்தால், "இங்கே மரத்தோட்டம் போடப் புல்லை அழிக்கிறார்கள்" என்பது தமிழில் படித்தவர் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். ஒரு சொல் விதி அந்த வாய்ப்பைக் கெடுத்தது. ஆங்கிலத்தின் மங்கலைத் தமிழுக்கு அப்படியே இறக்குமதி செய்து, அதற்குத் துல்லியம் என்று பெயர் வைத்தது.

கொடைக்கானல் தெருவில் இரவில் நடமாடும் பெரிய விலங்கின் பெயரிலும் இதே விபத்துதான். ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் அதைத் தவறாக "பைசன்" என்றார்கள். தமிழ் நாளிதழ்கள் அதைக் "காட்டெருமை" ஆக்கின. அது எருமையே இல்லை; பசுவும் காளையும் அடங்கிய இனத்தைச் சேர்ந்தது. சங்க நூல்களில் ஆமா என்ற பெயர் இருக்கிறது. மலைக்காரர்கள் காட்டுமாடு என்கிறார்கள். சு. தியடோர் பாஸ்கரன் போன்ற இயற்கை எழுத்தாளர்கள் பல ஆண்டுகளாக இதைத் திருத்தச் சொல்லி எழுதுகிறார்கள். "வைல்ட்லைஃப்" என்பதற்குக் காட்டுயிர் என்ற சொல்லை ஊன்றியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு, ஏனென்றால் வனவிலங்கு என்றால் பறவையும் பூச்சியும் செடியும் விடுபட்டுப் போகும். எழுதுகிறவர் உயிரைப் பார்த்து எழுதினால் சொல் தானாக வரும் என்பதை அவர் எழுத்தே காட்டுகிறது. இருந்தும் செய்தித்தாள்களில் காட்டெருமை இன்னும் முட்டிக்கொண்டிருக்கிறது.

மாணவர்கள் குழம்புவார்கள் என்பது கடைசி வாதம். திங்கள் நிலவும் மாதமும் கிழமையும் ஆகிற மொழியில், ஆறு எண்ணும் நதியும் வழியும் ஆகிற மொழியில் படிக்கும் பிள்ளைகள் அவர்கள். இடம் பார்த்துப் பொருள் கொள்வது அவர்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம். பூம்பாறைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, "காடுகள் ஆக்சிஜன் தருகின்றன, காடுகளில் விவசாயம் செய்யக் கூடாது" என்று பாடம் நடத்தினால்தான் குழப்பம் வரும். அவள் அம்மா அன்று காலையில் காட்டுக்குத்தான் போனாள், பூண்டு களையெடுக்க. அவள் வீட்டுச் சொல்லைப் பாடநூல் பிழையாக்கிவிடுகிறது. அதைவிட, "சோலையை வெட்டக் கூடாது, புல்மேட்டில் மரம் நடக் கூடாது, காட்டில் பூச்சிமருந்தைக் குறைக்க வேண்டும்" என்று நடத்தினால் மூன்று செய்தியும் மூன்று இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

பழங்குடிகளின் உரிமை என்று வரும்போது இந்த வேறுபாடு வயிற்றுப் பாட்டைத் தொடுகிறது. பழனிமலைப் பளியர்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை எந்த நிலத்துக்கு, எந்தத் தேனுக்கு, எந்தக் கிழங்குக்கு என்பது தாளில் வரும் சொல்லைப் பொறுத்தது. கிராம சபைக்கு வரும் தமிழ் விண்ணப்பத்தில் எல்லாம் "வனம்" என்றே இருந்தால், சோலையோரத்துப் பாறையில் தேனெடுப்பவர் எந்தக் கட்டத்தில் எதை எழுதுவார்? அவருக்குத் தெரிந்த பெயர்கள் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். சட்டம் அதற்குத் தடை சொல்லவில்லை. பெயர்க்கிறவர்தான் இடம் தரவில்லை.

கொடைக்கானல் காட்டுயிர் சரணாலயத்தை 2013இல் அறிவித்தார்கள். பரப்பு சுமார் 609 சதுர கிலோமீட்டர். அதற்குள் சோலை இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, பைன் தோட்டம் இருக்கிறது, கீழ்ச்சரிவில் வறண்ட முட்காடும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பேணும் முறை வேண்டும். அறிவிப்புப் பலகைகளிலும் வனத்துறையின் தமிழ்த் தாள்களிலும் பாடநூலிலும் இந்தப் பெயர்களைப் பிரித்து எழுதப் புதுச் சட்டமும் வேண்டாம், குழுவும் வேண்டாம். பைன் தோட்டத்தைப் பைன் தோட்டம் என்று எழுதினால் போதும். சுற்றுலா வருகிறவர் அதைப் பார்த்து இயற்கைக் காடு என்று மயங்க மாட்டார்.

நாளிதழ்க்காரர்கள் இதை இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். பிப்ரவரி, மார்ச் வந்தால் மேல்மலையில் தீ பற்றும். "கொடைக்கானல் காட்டில் பயங்கரத் தீ" என்று தலைப்பு தயாராக இருக்கும். ஈரம் கோத்த சோலை எளிதில் எரியாது. காய்ந்த புல் எரியும், பைன் சருகு எரியும், யூகலிப்டஸ் எரியும். தலைப்பு வைக்குமுன் வனச்சரகருக்கு ஒரு போன் போட்டு, எரிந்தது புல்வெளியா, பைன் தோட்டமா, சோலையா, இல்லை யாரோ ஒருவரின் பூண்டுக் காடா என்று கேளுங்கள். அவர் சொல்கிற அந்தச் சொல்லையே தலைப்பில் போடுங்கள்.